இரண்டு காதுச் சாடி

"கையில ரத்தத்தப் பாருங்க முதலாளி! வேற என்ன சாட்சி வேணும்?"

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரை பங்களாவின் ஹோலில் நின்று மேனேஜர் விஜேந்திரன் கத்தினான். கூட்டிப் பெருக்கும் ரெங்கம்மா விரலைச் சேலையில் துடைத்தாள். காலடியில் உடைந்த மண்சாடியின் ஓட்டுக் குவியல். இரண்டு காதும் நொறுங்கி, கரட் கிழங்கின் கூர் நுனி போன்ற அடித்துண்டு மட்டும் முழுசாகக் கிடந்தது.

பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியவர் பதுளைக் கடை முதலாளி சிதம்பரநாதன். ரோமாபுரிக்காரன் வைன் நிரப்பிக் கப்பலேற்றி, கடலில் மூழ்கிப்போன சாடி என்று ஏலத்தில் ஜோடியாக எடுத்திருந்தார். இப்போது அவர் முகம் கறுத்துப் போனது.

"ரெண்டாயிரம் வருஷம் கடல்ல கெடந்தும் ஒடையல. ஒன் கைக்கு வந்ததும் ஒடஞ்சிருச்சேடி!"

"நான் ஒடைக்கலைங்க. கூட்ட வரும்போதே இப்பிடித்தான் கெடந்துச்சு. பொறுக்குனேன், கீறிருச்சு."

"பொய்!" விஜேந்திரன் பாய்ந்தான். "ஸ்டேண்ட் ரெண்டும் பெயின்ட் அடிக்கப் பதுளைக்குப் போயிருக்கு முதலாளி. டூரிஸ்ட்டுக்குக் காட்ட ஒன்ன மட்டும் எடுத்து, இந்தா, இந்த நடு ஹோல்ல நிப்பாட்டி வச்சேன். இவ கூட்டுற தும்புத்தடியால இடிச்சுத் தள்ளிட்டா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"பொறகென்ன பேச்சு? நாளைக்கே காம்பராவக் காலி பண்ணு" என்றார் முதலாளி. "குடும்பத்தோட ரோட்டுல போய் நில்லு."

வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும். அடுத்த வாரம் பரீட்சை எழுதப்போகும் மகள் விதுர்ஷா அந்த ஒற்றைக் காம்பராவில்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் இந்தத் தரையைத் தேய்த்துத் தேய்ந்த முட்டி ரெங்கம்மாவுக்கு. அவள் விஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. இந்த சிமெந்துத் தரையிலதான் நின்னுச்சா?"

"ஆமாடி! கல்லு மாதிரி நின்னுச்சு. நீதான் தள்ளுன, கள்ளி!" மகன் வயதுக்காரன் அவன்.

ரெங்கம்மா ஸ்டோருக்குள் போனாள். ஸ்டேண்ட் போன அன்றே அவள் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்த சாடிகளில் மிச்சம் இருந்ததைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாள். அதன் கூர் அடி இடுப்பெலும்பில் குத்தியது.

விஜேந்திரன் கையில் திணித்தாள்.

"எங்க, ஸ்டேண்ட் இல்லாம இத நிப்பாட்டிக் காட்டுங்க ஐயா."