கடைசிக்கும் கடைசி

“என்னலா சுரேன் இது? ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ன்னு மூணு ஃபைல் வச்சிருக்க! எதைத் திறக்குறது?” என்று கத்தினேன்.

சுரேன் தலையைச் சொறிந்தான். சிலிபினில் இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் எழுதிய கோட் எல்லாம் இந்த லட்சணத்தில்தான் கிடந்தது.

நேராக முதலாளி பூபாலசிங்கத்திடம் போனேன்.

“பாஸ், கோட் வைக்க ஒழுங்கான தளம் ஒண்ணு வேணும். எது பழசு, எது புதுசு, யாரு மாத்துனாங்கன்னு அதுவே காட்டிடும்.”

“நீயே பாத்து எழுதிக் குடு தினேஸ்வரி. எழுதுனபடியே எடுத்துடலாம்.”

இரண்டு தளங்களை இரண்டு வாரம் அலசி, அறிக்கையை அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். “தாப்பா டவுனுக்குப் போற வழியிலயே ஒப்பந்தத்துல சைன் போட்டுட்டேன். நீ சொன்ன முதல் தளந்தான், மூணு வருஷத்துக்கு!”

“அலாமாக், பாஸ்! அது சரிப்படாது, ரெண்டாவதை எடுங்கன்னு மாத்தி எழுதியிருந்தேனே!”

“அப்படியா?” என்று கைப்பேசியை நீட்டினார். நான் அனுப்பியவை வரிசையாக நின்றன. சுரேன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

“‘அறிக்கை கடைசி’, ‘அறிக்கை புதுக் கடைசி’, ‘இதான் கடைசி’... எதைத் திறக்குறது, அக்கா?”