குதித்தாலும் அசையாத கோடு

ஆழ்துளைக் கிணற்றின் அடியில் இறக்கியிருக்கும் கருவி, திரையில் ஓடும் பச்சைக் கோட்டை மறுபடியும் நடுங்க வைக்கிறது. நிலநடுக்க ஆராய்ச்சிக்காரி தன் அக்கா புருஷனை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பக்கத்து வளாகத்தில் பாறைக்குள் தண்ணீர் செலுத்தும் பம்பு அவர் பொறுப்பு. அந்த அழுத்தத்தில் ஆழத்துப் பாறை நழுவி நிலம் நடுங்கலாம். "பம்பைக் காலைலயே நிறுத்தியாச்சும்மா. ஏதாவது லாரி போயிருக்கும்," என்கிறார், அவள் கேட்காமலே. அவர் பூட்ஸில் இன்னும் ஈரம் சொட்டுகிறது. "அப்போ கொஞ்சம் குதிங்க மாமா, பாப்போம்." சிரித்தபடி குதிக்கிறார். மேஜை ஆடுகிறது, டம்ளரில் டீ தளும்புகிறது. கோடு மட்டும் இடித்த புளி மாதிரி கிடக்கிறது. மேலே ஆடும் கூத்து எதுவும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. அவர் மூச்சு வாங்க நின்றதும், கோடு தானாக நடுங்குகிறது. "இப்ப யார் மாமா குதிச்சது?" சிரிப்பு மாறாமல் அவர் போனை எடுத்து ஏதோ தட்டுகிறார். காதுக்குப் பழகிப்போயிருந்த ஓர் இரைச்சல், வேலிக்கு அந்தப் பக்கம், மெல்ல அடங்குகிறது.