கடைசி நிமிஷக் கோல்

"முதல் துப்பு. பத்து வருஷம் நம்ம கிளப் ஜெர்சியைப் போட்டவர். யார் அந்த வீரர்?"

மைக்கைப் பிடித்திருந்த செயலாளர் கிளாட்சன் கூட்டத்தைப் பார்த்தார். நாகூர் கால்பந்துக் கிளப்பின் வெள்ளி விழா. கூட்டம் பிரியாணி அண்டாவைப் பார்த்தது.

"ரெண்டாவது துப்பு. எண்பத்திரண்டு ஃபைனல்ல, கடைசி நிமிஷத்துல, தலையால முட்டி கோல் போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தவர்."

"பிரேசில் ஆளா சார்?" என்றான், கேபிள் டி.வி.யில் கால்பந்து கற்றவன் ஒருவன்.

துப்புகள் துபாயிலிருந்து ஃபேக்ஸில் வந்தவை. அனுப்பியவர், மேடையில் நடு நாற்காலியில் இருந்த மீரா உசேன். கிளாட்சன் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார்.

எல்லாம் மைதானத்துக்காக. அதன் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில் இருந்தபடியே விலை பேசிவிட்டார்கள். பிளாட் போடக் கல்லும் வந்து இறங்கிவிட்டது. அந்த மைதானத்தைக் கிளப்புக்கே வாங்கித் தருவதாக மீரா உசேன் சொல்லியிருந்தார். இன்று மேடையில் அறிவிப்பார். அறிவிக்காமலும் போவார். நோட்டீசில் பேர் சின்னதாக விழுந்துவிட்டதென்று, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் போன வருஷம் பாதியில் நிறுத்தியவர் அவர்.

"மூணாவது துப்பு. அடுத்த மாசமே துபாய் போனவர்."

"பாதி ஊர் போச்சே சார்!"

கிளாட்சனுக்கு வியர்த்தது. "மேடையைப் பார்த்தும் யோசிக்கலாம்."

"பேங்க் மேனேஜரா?"

போன மாதம்தான் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த மேனேஜர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். மீரா உசேன் வாட்சைப் பார்த்தார். போர்த்திய பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "எனக்குத் தெரியும். அது வந்து..."

பக்கத்திலிருந்த அந்தோணிமுத்து அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் துள்ளி எழுந்தார்.

"நம்ம மீரா உசேன் பாய்! வேற யாரு?"

கிளாட்சன் முதலில் கைதட்டினார். பிறகு கூட்டமும் தட்டியது.

மீரா உசேன் மைக்கை வாங்கினார். "நானே மறந்துட்டேன். நீங்க மறக்கல" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைதானம் இனி கிளப்புக்குத்தான் என்று அறிவித்தார். மைதானத்துக்கு யார் பேர் என்பதையும் அவரே அறிவித்தார்.

அந்தோணிமுத்துவுக்குப் பரிசு, மீரா உசேன் படம் போட்ட சுவர்க் கடிகாரம்.

"மோட்டாருக்குக் காயில் கட்டுற ஆளுக்கு ஜால்ரா தட்டவும் வருதே" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"ஒரு கடிகாரத்துக்காகப் பெரியவரை அமுக்கிட்டாரு பாருங்க. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார் இன்னொருவர்.

வெளியே வந்ததும் அந்தப் பெரியவர் அந்தோணிமுத்துவின் சட்டையைப் பிடித்துவிட்டார். அவர் அல்லா பிச்சை. அந்த ஃபைனலில் எதிரணியான ஒரத்தநாட்டின் கோல்கீப்பர்.

"என் கையில பட்டு உள்ள போன பந்துப்பா அது! முட்டினவன் மூஞ்சி எனக்கு மறக்குமா? அந்த மீரா உசேன் அன்னிக்குக் கோட்டுக்கு வெளியே எலுமிச்சம்பழம் நறுக்கிட்டிருந்தான். கோல் போட்டது நீ!"

அந்தோணிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசுங்க பாய். இன்னும் பத்திரம் பதியல."