ஆற்றுக்கு அந்தப் பக்கம்

“குத்தத்தை ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும் வே. வழக்காடித் தோத்தா ஆறு மாசம் உள்ள இருக்கணும், பாத்துக்கிடும்” என்றார் வக்கீல் குருநாதன்.

“ஒத்துக்கிட மாட்டேன்யா. நான் கேரளாவுக்குள்ள காலே வைக்கல” என்றான் மூக்காண்டி.

சங்கரன்கோவில் கோர்ட் வராந்தாவில்தான் இந்தப் பேச்சு. எழுபத்து நாலாம் வருஷம். ரேஷன் அரிசியே பாதி நாள் கிடைக்காத காலம். எல்லை தாண்டிக் கேரளாவுக்கு அரிசி கொண்டுபோனால் கடத்தல் வழக்கு நிச்சயம்.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலைப்பாதையில் ஒரு காட்டாறு குறுக்கிடும். இந்தக் கரையில் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட். அந்தக் கரையிலிருந்து கேரளா என்பதுதான் ஊர் உலகம் அறிந்த கணக்கு. அந்தக் கரை மாமரத்தடியில், இரண்டு மூட்டை அரிசியோடு மூக்காண்டியைப் பிடித்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி.

கூட வந்திருந்த மூக்காண்டியின் மனைவி அன்னக்கிளி பொரிந்து தள்ளினாள். “வக்கீலய்யா சொல்லுதாகல்லா, அபராதத்தைக் கட்டிட்டு வாரும். நீரு உள்ள போய் உக்காந்துக்கிட்டா ஆட்டை யாரு மேய்க்கது? கோர்ட்டா வந்து மேய்க்கும்?”

“நீ சும்மா இரிட்டி. வக்கீலய்யா, அந்த மாமரம் எங்க பாட்டன் வச்சது. அப்போ ஆறு மரத்துக்கு மேக்க ஓடிச்சு. ஒரு பெருவெள்ளத்துல கரையைப் பிச்சுக்கிட்டு மரத்துக்குக் கிழக்க வந்துட்டு. மரம் எங்கயும் போகலய்யா, ஆறுதான் போச்சு!”

குருநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை வேலித் தகராறும் ஜீவனாம்சமும் தவிர வேறு எதையும் பார்த்திராத மனுஷர். இப்போது இரண்டு மாநிலங்களின் எல்லையே கையில் வந்து விழுந்தால்? அவருக்குத் தலைகால் புரியவில்லை. அபராதப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

விசாரணை அன்று கோர்ட்டே அதிரும்படி வாதாடினார்.

“ஆறு கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், யுவர் ஆனர். ஒரே வெள்ளத்தில் தடம் மாறினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆறு அவசரப்பட்டால் அரசாங்கமும் பின்னாலேயே ஓட முடியுமா?”

மாஜிஸ்திரேட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இரண்டு மாநிலத்து சர்வேயர்களும் நேரில் போய் அளந்து சொல்லட்டும்” என்று உத்தரவு போட்டார்.

போனார்கள். அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, புதரை வெட்டிக்கொண்டு, சங்கிலி பிடித்து அளந்தார்கள். மாமரத்துக்கு மேற்கே, வறண்டு கிடந்த பழைய ஆற்றுப்படுகையின் ஓரத்தில், வெள்ளைக்காரன் காலத்து சர்வே கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. மாமரம் சந்தேகமில்லாமல் தமிழ்நாடு!

எல்லையையே தாண்டாதவன் எப்படிக் கடத்தியிருக்க முடியும்? மூக்காண்டி விடுதலை. அரிசியையும் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. உச்சிமாகாளி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

குருநாதனுக்கு ஒரே சந்தோஷம். கட்சிக்காரனைக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த காபி கிளப்புக்கு அழைத்துப் போய், தன் செலவிலேயே காபி வாங்கிக் கொடுத்தார். ஓர் அப்பாவியைக் காப்பாற்றிய திருப்தியில் புத்திமதியும் சொன்னார்.

“ஏதோ இந்தத் தடவ தப்பிச்சீரு. இனிமே அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போகாதேயும் வே.”

“போகாம எப்படிய்யா? வார வெள்ளிக்கிழம அந்த மாமரத்தடியில அரிசிக்கடை திறக்கப் போறேன். லைசென்சுக்கும் எழுதிப் போட்டாச்சு. நீங்கதான் வந்து விளக்கேத்தணும்.”

“அங்கன அரிசிக்கடையா? காட்டுக்குள்ள எவன் வே வாங்குவான்?”

“மேக்க பூராவும் ஏலக்காத் தோட்டம்லா! அங்க வேல செய்யுத கேரளத்துச் சனம் அரிசிக்குப் பறக்குது. நாலு எட்டு நடந்து வந்து வாங்கிட்டுப் போகட்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே கடை வச்சு விக்கிறது குத்தமா? செக்போஸ்ட்டுல மறிச்சா நீங்க வாங்கிக் குடுத்த தீர்ப்பைச் சொல்லுதேன். எல்லையைத் தாண்டப் போறது அவங்க, நான் இல்லயே.”

குருநாதன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“பலே ஆளு வே நீரு! போலீசுல அகப்பட்ட பிறகா இந்த யோசனை வந்திச்சு?”

“அகப்பட்டேனா? நல்லா இருக்கே கதை! அந்த இடத்தை அளந்து கொடுங்கன்னு மூணு வருசமா மனுக் கொடுத்தும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல, அதான் என்னையப் பிடிக்கச் சொல்லி நானே போலீசுக்கு ஆளனுப்பிட்டேன்” என்றான் மூக்காண்டி.