நூல் அவிழாத பெட்டி

கறுப்பு டையை இறுக்கிக்கொண்டு எட்மண்ட் ஃபாதர்கில் அழைப்பு மணியை அழுத்தினார். கக்கத்தில், எங்கே போனாலும் பிரியாத ஈயச் சிப்பாய்ப் பெட்டி. கடையில் கட்டிய நூல் இன்னும் அவிழவில்லை. பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றார் ரோலண்ட் டிப்பிங். அவருக்கும் கறுப்பு டை.

ஹேஸ்டிங்ஸில் பொம்மைச் சிப்பாய் சேர்க்கிறவர்கள் உயிரோடு இருக்கும்வரை ஒரு குதிரையைக்கூட விற்றதில்லை. ஆகவே, தங்களைப் போலவே சிப்பாய் சேர்க்கும் பார்ஜெட்டரின் மனைவி அலமாரிகளுக்கு விலை விசாரிக்கிறார் என்று ரொட்டிக் கடையில் கேள்விப்பட்டதும், ஆள் போய்விட்டார் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

“பெட்டியைத் திறந்தே பாக்காத ஆளு நீ. உள்ளே சிப்பாய் இருக்கானா, செங்கல் இருக்கான்னே உனக்குத் தெரியாது!” என்றார் ரோலண்ட்.

“நீ மட்டும் என்னவாம்? தோட்டத்துச் சேத்துல நிறுத்தி, பட்டாணியால சுட்டு விளையாடுறே. போய்யா!”

கதவு திறந்தது. திருமதி பார்ஜெட்டரின் கண்கள் சிவந்திருந்தன. அடுப்பில் வெங்காயத்தோடு இரண்டு ஆட்டுக்கறித் துண்டுகள் வதங்கிக்கொண்டிருந்தன.

“தைரியமா இருங்கம்மா,” என்றார் எட்மண்ட்.

“வேற வழி?” என்று பெருமூச்சு விட்டார் அந்த அம்மாள்.

கூடத்தில் மூன்று கண்ணாடி அலமாரிகள். பார்ஜெட்டரின் வழியே தனி: அணி என்றால் ஒரு ஆள் குறையக் கூடாது. ஆனால் பாண்டு வாத்தியக் குழுவில் முரசுக்காரன் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

“இவன் ஒருத்தனுக்காக எப்படி ஏங்குனார் தெரியுமா! அவர் கையில வச்சுட்டா எனக்கு மனசு ஆறிடும்,” என்று அந்தக் காலி இடத்தைக் காட்டினார் திருமதி பார்ஜெட்டர்.

“என்கிட்ட ஒரு முரசுக்காரன் இருக்கான்மா,” என்று முந்தினார் ரோலண்ட். “தலை மட்டும் இல்ல.”

எட்மண்ட் பெட்டியை இறுக்கிக்கொண்டார். மேலே ஒட்டிய சீட்டின்படி, பெட்டிக்குள் தலையோடு ஒரு முரசுக்காரன் இருக்கிறான். நூல் அறுந்தால் பெட்டி வெறும் அட்டை. கொடுக்காவிட்டாலோ, மூன்று அலமாரிகளும் அந்தப் பட்டாணிக்காரனுக்குப் போய்விடும்.

“நான் தர்றேன். அலமாரி விஷயத்துல என்னைக் கொஞ்சம் நினைச்சுக்குங்கம்மா.”

“இந்த உபகாரத்தை மறப்பேனா!”

கண்ணை மூடிக்கொண்டு நூலை அறுத்தார். வர்ணம் மங்காத முரசுக்காரன் வெளியே வந்தான். அவனை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் மாடிப்படியருகே ஓடிக் குரல் கொடுத்தார்:

“ஏங்க, முரசுக்காரன் வந்துட்டான்! நாலாவது அலமாரியும் வாங்கிடலாம், இறங்கி வாங்க!”