புளி தூக்கல்

இளவழகனைப் போலவே யோசிக்கும் ஏ.ஐ. மாடல் ஒன்று அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்தது. குழம்பைக் காட்டினால், அவன் என்ன சொல்வான் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். தினமும் அது "பிரமாதம்" என்னும். மனைவி தாமரைச்செல்வி பரிமாறியதும் அவனும் அதையேதான் சொல்வான்.

அன்று புது வெர்ஷன் வந்தது. உண்மைக்கு இன்னும் நெருக்கமாம். வத்தக்குழம்பைக் காட்டியதும், "புளி தூக்கல். எப்பவும் அப்படித்தான்" என்றது. சாப்பிட்ட இளவழகனோ, "பிரமாதம்!" என்றான்.

தாமரைச்செல்வி கம்பெனிக்குப் போன் போட்டாள். "உங்க புது மாடல் தப்பா சொல்லுதுங்க."

"தப்பில்ல மேடம். பழசு, சார் வாயில வர்றதைச் சொல்லும். புதுசு, மனசுல இருக்கிறதைச் சொல்லும்."

"பழசையே போட்டு விட்டுடுங்க" என்றாள்.

மறுநாள் புளியைக் குறைத்தாள். பழைய மாடல் "பிரமாதம்" என்றது. இளவழகன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பிரமாதம் என்று சொல்ல மறந்தே போனான்.