ஜவுளிக்கடை அழகி

"ஏம்புள்ள, இத்தன வருசமாச்சு, இன்னும் உனக்குக் கொசுவம் நேரா வெக்கத் தெரியலயே!"

கொழிஞ்சாம்பாறை மண்டபத்தில் பழைய ஃபேஷன் புகைப்படக் கண்காட்சிக்குள் நுழையும்போதே மனைவியைச் சீண்டினார் மோகனசுந்தரம்.

கோமதி காதில் வாங்கவில்லை. பெல்பாட்டம், பஃப் கை ரவிக்கை என்று ரசித்துக்கொண்டே போனவள், ஒரு ஜவுளிக்கடை விளம்பரப் படத்தின் முன் நின்றுவிட்டாள். உயரக் கொண்டை, நைலக்ஸ் சேலை, கிறங்கடிக்கும் சிரிப்பு.

"இவளப் பாத்துத்தானுங்க நான் கல்யாணத்துக்கே இந்த மாதிரிக் கொண்டை போட்டேன். யாருங்க இவ?"

மோகனசுந்தரத்துக்கு வேர்த்தது. "எனக்கென்ன தெரியும்? வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"தெரியாமயா இப்படி வேர்க்குது? பழகுனவளா?"

படங்களை எடுத்த பொள்ளாச்சி ஸ்டுடியோக்காரர் ஆறுச்சாமி அந்தப் பக்கம் வர, கோமதி விடவில்லை.

"ஏனுங்கண்ணா, இந்தப் பொண்ணு இப்ப எங்கீங்க இருக்கறா?"

அவள் அருகே நின்றவரை உற்றுப் பார்த்த ஆறுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க பக்கத்துலதானுங்கம்மா! அந்தக் காலத்துல எந்த ஊட்டுல பொண்ண விளம்பரத்துக்கு அனுப்புனாங்க? அதான், மீச மொளைக்காத நம்ம மோகனுக்குச் சேலையக் கட்டி உட்டுட்டேன். கொசுவம் மட்டும் அவனே வெச்சுக்கிட்டானுங்க!"

கோமதி படத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"நாளைக்குச் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு எனக்கும் கொசுவம் நீங்களே வெச்சு உட்டுருங்க."